ரிவர்ஸ் கேமரா படம் வரவில்லையா? புதுசு வாங்கும் முன்னால் இதைப் பாருங்கள்

காரைக்குடி பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எங்கள் வீட்டில் கார் நிற்பது பின்கட்டுப் பக்கம். காலையில் வண்டியை எடுக்க வேண்டுமென்றால் ரிவர்ஸில்தான் சந்துக்கு வர முடியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் சந்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அந்தச் சந்தில்தான் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேரன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுகிறான். அதனால் கேமரா வேலை செய்யாத அன்றைக்கு நான் வண்டியை எடுப்பதில்லை, அல்லது யாராவது ஒருவர் வெளியே போய் நின்று கை காட்டினால்தான் எடுப்பேன்.

2019 ஜூலை 1-இலிருந்து நம் நாட்டில் வரும் புதுக் கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம், கேமரா கட்டாயம் இல்லை. சென்சார் 'பீப்' போடும், சரி, ஆனால் பம்பருக்குக் கீழே தாழ்வாகக் கிடப்பதும் மெல்லிசாக நிற்பதும் அதற்குச் சில சமயம் தப்பிவிடும். கேமரா போனால் "சென்சார் இருக்கே, போதும்" என்று விட்டுவிடாதீர்கள்.

போன வருஷம் என் கேமரா நின்றபோது கடையில் ஒரே நிமிஷம் பார்த்துவிட்டு "கேமரா போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. மனசு ஒப்பவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பிரித்துப் பார்த்தேன். கேமரா நன்றாகவே இருந்தது, வயர்தான் அறுந்திருந்தது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வண்டிகள் சிலவற்றையும் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் வயரும் எர்த்தும்தான் (கறுப்பு வயர் வண்டியின் இரும்புப் பாடியோடு சேரும் இடம்) தகராறு. கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது கேமராவை.

வேலையைத் தொடங்கும் முன்

ஹேண்ட்பிரேக் போடுங்கள், முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இஞ்சினை ஓட விடாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்து கியரை ரிவர்ஸில் போட்டாலே கேமராவுக்கு மின்சாரம் வந்துவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் பெரும்பாலானவற்றில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் இக்னிஷன் ஆன் ஆகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் R-க்குப் போகும் என்பதால், இக்னிஷன் ஆன் ஆன பிறகு மிதித்துக் கியரை மாற்றுங்கள். இஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் கியரில் வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கருவி அதிகம் வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கிளப்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, மெல்லிய உப்புத்தாள். ஒட்டு வேலை வந்தால் சால்டரிங் அயர்ன், சுருங்கும் பிளாஸ்டிக் குழல் (கடையில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்று கேளுங்கள்).

நான் கீழே சொல்வது பெரும்பாலும் வெளியில் வாங்கிப் பொருத்திய கேமராவுக்கு. கம்பெனியிலிருந்தே வந்த கேமரா என்றால், வாரண்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள். இன்னொன்று, கம்பெனி கேமராக்கள் எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. சிலவற்றுக்குத் திரையிலிருந்தே 6 வோல்ட் அளவுதான் போகும். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் நல்ல கேமராவும் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, ரிவர்ஸ் லைட்டை. வெளியில் பொருத்திய கேமரா பெரும்பாலும் அந்த லைட்டின் வயரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்திக் கியர் போடுங்கள். எங்கள் வீட்டில் சுண்ணாம்பு பூசிய மதில், நான் சீட்டைவிட்டு இறங்கும் முன்பே திண்ணையிலிருந்து ஆச்சி சொல்லிவிட்டார்கள்: "தம்பி, செவுத்துல வெளிச்சம் ஒரு பக்கந்தான் அடிக்குது." ஒரு பல்ப் போயிருந்தது. சில வண்டிகளில் ரிவர்ஸ் லைட்டே ஒரு பக்கம்தான் இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள். பல்ப் ஒன்று போனாலும் கேமராவுக்கு மின்சாரம் போகும், இரண்டும் ஒரே வயரிலிருந்து தனித்தனியாகப் பிரிகிறவைதான். ஆனால் லைட் மொத்தமாக எரியவில்லை என்றால் கேமராவை மறந்துவிட்டு லைட்டைச் சரி பண்ணுங்கள்.

ரிவர்ஸ் போட்டும் திரை மாறவே இல்லை

பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, மேப் அப்படியே நிற்கிறது, திரைக்கு நாம் ரிவர்ஸ் போட்டதே தெரியவில்லை. லைட்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்திலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ எது ரிவர்ஸுக்கு என்று இருக்கும். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், பெரிசாகப் போட்டால் அடுத்த தடவை எரிவது வயராக இருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். ஃபியூஸ் நன்றாக இருந்தும் லைட் எரியவில்லை என்றால், மேனுவல் வண்டியில் கியர்பாக்ஸில் இருக்கிற ரிவர்ஸ் சுவிட்ச் போயிருக்கலாம். அது வண்டிக்கு அடியில் புகுந்து செய்கிற வேலை, மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

லைட் எரிகிறது, திரை மட்டும் மாறவில்லை என்றால் டிரிகர் வயர். கேமராவிலிருந்து திரைக்குப் போகும் மஞ்சள் முனை வீடியோ வயரோடு மெல்லிய சிவப்பு வயர் ஒன்று ஒட்டிக்கொண்டே போகும், இரண்டு முனையிலும் வால் மாதிரி வெளியே நீட்டியிருக்கும். பின்னால் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவிலும் முன்னால் திரையின் ரிவர்ஸ் வயரிலும் அது சேர வேண்டும். "ரிவர்ஸ் விழுந்தது" என்று திரைக்குச் சொல்வது இந்த ஒரு வயர்தான். பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஒட்டு தானாகக் கழன்றுவிடும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைத்து, ரிவர்ஸ் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வயரின் முன்முனையைத் தொடுங்கள். 12 வோல்ட் சுமார் காட்டினால் வயர் சரி, திரையின் செட்டிங்கைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் சிலவற்றில் கேமரா தேர்வு பழைய நிலைக்குப் போய்விடுவதுண்டு.

திரை மாறுகிறது, ஆனால் நீலம் அல்லது கறுப்பு

இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது, டிரிகர் வேலை செய்கிறது. படம்தான் வந்து சேரவில்லை. "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்தாலும் இதே கதைதான்.

நம்பர் பிளேட்டுக்கு மேலே கேமராவின் வயர் உள்ளே போகிற இடத்தில் டிக்கி கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். கேமராவின் சிவப்பு, கறுப்பு இரண்டுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். இஞ்சின் ஓடாதபோது 12-ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் கறுப்பு முனையை மட்டும் எடுத்துப் பாடியில் வைத்துப் பாருங்கள். இப்போது 12 வந்தால் சிவப்பில் குற்றமில்லை, கறுப்பு வயரின் எர்த்தில்தான் குற்றம். எர்த் போல்ட்டைக் கழற்றி அடியில் இருக்கிற பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிஷம் ஆகும், நான் பார்த்த வண்டிகளில் இரண்டு இதிலேயே சரியாகிவிட்டன.

மின்சாரம் சரியாக இருந்தும் படம் இல்லை என்றால் வீடியோ வயர். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு மீட்டரை 'பீப்' நிலையில் வைத்துப் பாருங்கள். நடு ஊசிக்கும் நடு ஊசிக்கும் பீப் வர வேண்டும், வெளி வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் வர வேண்டும், ஊசிக்கும் வளையத்துக்கும் வரவே கூடாது. வந்தால் உள்ளே ஷார்ட். வண்டி முழுக்கப் பிரிக்கச் சோம்பலாக இருந்தால் வேறொரு நீள வீடியோ வயரைச் சீட்டுக்கு மேலேயே போட்டு இரண்டு பக்கமும் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழைய வயர் போச்சு. அப்போதும் வரவில்லை என்றால்தான் கேமராவைச் சந்தேகப்படலாம், அதையும் தெரிந்தவர் வண்டியின் கேமராவை ஐந்து நிமிஷம் இரவல் வாங்கி உங்கள் வயரில் மாட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படம் வருகிறது, போகிறது

என் வண்டிக்கு வந்தது இதுதான். பள்ளத்தூர் ரோட்டில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் படம் வரும், அடுத்த மேட்டில் போகும். டிக்கியில் சாமான் ஏற்றிய நாளில் கூடுதலாகப் போகும். சாமானுக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வாரம் யோசித்தேன். சாமான் ஏற்றும் நாளில்தானே டிக்கிக் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுகிறோம்!

ஹேட்ச்பேக் வண்டியில் பாடியிலிருந்து டிக்கிக் கதவுக்கு எல்லா வயரும் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகும். கதவைத் திறந்து மேலே கீல் பக்கம் பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் தும்பிக்கை மாதிரி தெரியும். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் உள்ளே இருக்கிற வயர்கள் அத்தனையும் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கின்றன. வருஷக்கணக்கில் மடிந்தால் செம்பு அறும். மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை மட்டும் அறாமல் நிற்கும், அதனால் கண்ணுக்கு முழு வயராகவே தெரியும்.

சோதிப்பது சுலபம். இக்னிஷன் ஆனில் ரிவர்ஸ் போட்டு, ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் கதவை மெல்லத் திறந்து மூடட்டும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படம் வெட்டினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு ரப்பரின் ஒரு முனையை விரலால் நெம்பிக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு வயராக இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும், அறுந்தது ரப்பர் பேண்டு மாதிரி நீளும். என்னுடையதில் சிவப்பு வயர் அப்படி நீண்டது. உறையைப் பிளேடால் கீறினேன், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, நுனியில் கறுத்து, இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நீளத்துக்கு இடைவெளி இருந்தது. மேட்டில் வண்டி குலுங்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், அதுதான் படம் வந்து போனதற்குக் காரணம்.

இதை முறுக்கி டேப் சுற்றிச் சரி பண்ணாதீர்கள், மூன்று மாதம் தாங்காது. மடிகிற பகுதி முழுவதற்கும் புது வயர் துண்டு போடுங்கள். ஒற்றைக் கம்பி வயர் கூடாது, மெல்லிய பல இழை வயர்தான் மடிப்பைத் தாங்கும். ஒட்டுகள் இரண்டும் ரப்பருக்கு வெளியே, பாடிக்குள் ஒன்றும் கதவுக்குள் ஒன்றுமாக வர வேண்டும், ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும் என்பதால் அது மடிகிற இடத்தில் இருந்தால் அங்கேயே மறுபடி அறும். ஒன்றுக்கு மேல் வயர் அறுந்திருந்தால் ஒட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வையுங்கள். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒட்டுப் போடுவதற்கு முன்னாலேயே வயரில் கோத்துவிட வேண்டும், இதை மறந்துவிட்டு ஒட்டை மறுபடி வெட்டியிருக்கிறேன். வயர் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், கதவு முழுசாகத் திறக்கும்போது இழுபடக் கூடாது. கடைசியில் ரப்பரைச் சரியாக உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

வீடியோ வயரும் இதே குழாயில்தான் போகும். அது அறுந்திருந்தால் ஒட்டுப் போட முயல வேண்டாம், முழு வயரையும் மாற்றிவிடுங்கள். புது வயரை முன்னால் கொண்டுபோகும்போது பக்கத் தூண்களின் அட்டைக்குள் சொருகுவீர்கள், அங்கே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற வண்டியென்றால் அதற்கு முன்னால் குறுக்கே வயர் போகக் கூடாது. கீழே, கதவு வாசலின் படிப் பட்டைக்கு அடியில் கொண்டுபோவது பத்திரம்.

கோடு ஓடுகிறது, படம் துடிக்கிறது

இஞ்சினை நிறுத்தி இக்னிஷன் மட்டும் வைத்துப் பாருங்கள். கோடு மறைந்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் ஆல்டர்னேட்டரின் (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) இரைச்சல் எர்த் வழியாக நுழைகிறது. கேமராவின் எர்த்தை இன்னும் நல்ல இடத்துக்கு மாற்றுங்கள், முதலில் மேலே சொன்னபடி தேய்த்துப் பாருங்கள்.

இஞ்சின் நின்றாலும் படம் துடிக்கிறது என்றால், புது மாடல் வண்டிகளில் ஒரு காரணம் உண்டு. சிலவற்றில் ரிவர்ஸ் லைட்டுக்குக் கம்ப்யூட்டர் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் விட்டு விட்டு வேகமாக அனுப்புகிறது. பல்புக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இதற்கென்றே விற்கும் ஃபில்டரைக் கேமராவின் சிவப்பு வயரில் போடலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: கேமராவுக்கு மின்சாரத்தைச் சாவி ஆனில் வரும் ஒரு வயரிலிருந்து சின்ன ஃபியூஸ் வைத்து எடுத்து, ரிவர்ஸ் லைட்டை டிரிகருக்கு மட்டும் விடுவது. கேமரா எப்போதும் தயாராக இருக்கும், கியர் விழுந்ததும் படம் தாமதமில்லாமல் வரும்.

புதுக் கேமரா போட்டதும் படம் உருள்கிறது, கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். கேமராவும் திரையும் வேறு வேறு முறையில் பேசிக்கொண்டிருக்கலாம். திரை செட்டிங்கில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு வீடியோ முறைகள் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். ஏஎச்டி (AHD, கூடுதல் தெளிவான படம் தரும் வகை) கேமராவைப் பழைய சாதாரணத் திரையில் மாட்டினால் எந்தச் செட்டிங்கிலும் படம் வராது, வாங்கும்போதே கேளுங்கள்.

மங்கல்

எங்கள் செம்மண் தூசி ஒரு வாரத்தில் லென்ஸை மூடிவிடும். காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், அந்தத் தூசியில் மணல் இருக்கிறது, லென்ஸில் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலம் படிந்திருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் லென்ஸ்மேல் வைத்து ஊற விடுங்கள்.

காலையில் மங்கலாக இருந்து வெயில் ஏறியதும் தெளிந்தால் ஈரம் லென்ஸுக்கு உள்ளே இருக்கிறது. சீல் போய்விட்டது, அந்தக் கேமராவுக்கு ஆயுள் அதிகமில்லை. வாட்டர் வாஷில் தண்ணீர் பீய்ச்சும் கன்னை நேராகக் கேமராமேல் அடிப்பதால் இது நிறைய நடக்கிறது. ஐபி67 (IP67, தூசியும் தண்ணீரும் தாங்கும் அளவைச் சொல்லும் குறி) என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள், பக்கத்தில் வைத்து அழுத்தமாக அடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று பொருளில்லை.

இடம் வலம் மாறித் தெரிகிறது

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வண்டிக்குப் பின்னால் இடது பக்கம் ஒருவரை நிறுத்துங்கள், திரையிலும் இடது பக்கம் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் நீங்கள் அவரை விட்டு விலகுவதாக நினைத்து அவர் மேலேயே திருப்புவீர்கள். கேமராவின் வயரில் சின்ன வளையங்கள் ஒன்றிரண்டு தொங்கும், ஒன்றை வெட்டினால் படம் திரும்பும், இன்னொன்றை வெட்டினால் வழிகாட்டிக் கோடு மறையும். எந்த நிறம் எதற்கு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஒரு சாதாரண பிளாஸ்டிக் வாளியைப் பம்பரை ஒட்டித் தரையில் வைத்து, திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒரு சாண் பின்னால் நகர்த்துங்கள். முழு வாளியும் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் இருப்பதைக் கேமரா முழுசாகக் காட்டாது. என் வண்டியில் அது ஒரு முழம் இருந்தது, கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்ததும் ஒரு சாணாகக் குறைந்தது. வாளியை எடுத்துவிட்டு அந்த மூணு சக்கர சைக்கிளையும் அதே கோட்டில் நிறுத்திப் பார்த்தேன், கைப்பிடியிலிருந்து பெடல்வரை தெரிந்தது. மறுநாள் காலையில்தான் வண்டியைச் சந்துக்கு எடுத்தேன்.